பீரங்கி சாதி கேட்குமா?

வில்லுக்கு வீரன், வாளுக்கு வீரன் என்று பாடிய காலம் ஒன்று இருந்தது. அந்தக் காலத்தில், இன்ன குலத்தில் பிறந்தவன்தான் போருக்குரியவன், மற்றவன் ஏருக்கும் எடுபிடிக்கும் உரியவன் என்று எழுதி வைத்தார்கள். எழுதியவர்கள் போருக்குப் போகவில்லை; போருக்குப் போனவர்கள் எழுதவில்லை! அந்த ஏற்பாட்டை முதலில் எள்ளி நகையாடிய கருவி எதுவென்று கேட்டால், பீரங்கி என்பேன்.

பீரங்கிக்கு வேண்டியது பரம்பரையல்ல, கணக்கு. குழாயை எத்தனை பாகை உயர்த்துவது, எவ்வளவு மருந்து இடுவது, காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது, இலக்கு எவ்வளவு தொலைவு என்ற கேள்விகளுக்குச் சரியான விடை சொல்பவன் சுட்டால் குண்டு போய் விழுகிறது. தவறான விடை சொல்பவன் சுட்டால், அவன் சூரிய குலமாயினும் சந்திர குலமாயினும், குண்டு வயற்காட்டில் விழுகிறது. பாட்டனின் பெயரைக் குண்டு கேட்பதில்லை.

ஆனால் பீரங்கி கேட்காத அந்தக் கேள்வியைப் பீரங்கிக்குச் சொந்தக்காரர்கள் கேட்டார்கள். ஒரு நூற்றாண்டுக்கும் மேலாகக் கேட்டார்கள். அந்தக் கதையைச் சொல்லத் தகுந்த இடம் கொங்கு நாடு. ஏனெனில் இந்த நாட்டைப் போல் பீரங்கி முழக்கத்தை அடுத்தடுத்துக் கேட்ட பகுதிகள் தமிழகத்தில் சிலவே.

1755-ஆம் ஆண்டு. கொங்கின் தென்கிழக்கு வாயிலான திண்டுக்கல்லுக்கு மைசூர் அரசின் பௌஜுதாராக வந்தவர் ஹைதர் அலி. எழுதப் படிக்கத் தெரியாதவர் என்று வரலாறு சொல்கிறது. ஆனால் எதைக் கற்க வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. பிரெஞ்சுப் பொறிவல்லாரின் துணையோடு திண்டுக்கல்லில் படைக்கலச் சாலை அமைத்தார். பீரங்கிக் கலையைத் தம் படைக்குக் கற்பித்தார். வாளை நம்பியிருந்த சிற்றரசர்கள் வீழ்ந்ததும், மருந்தையும் கணக்கையும் நம்பிய ஹைதர் எழுந்ததும் விதியின் விளையாட்டன்று, அறிவின் விளைவு.

அவரும் அவர் மைந்தர் திப்பு சுல்தானும் வளர்த்த இன்னொரு கருவி இரும்புக் குழாய் ராக்கெட்டு. நீண்ட மூங்கிற் கழியோடு பிணைத்து, உள்ளே வெடிமருந்தைத் திணித்து, திரியில் தீயிட்டால் ஒரு மைலுக்கும் அப்பால் சீறிப் பாயும். அக்காலத்தில் பிற நாட்டார் குழாயைக் காகித அட்டையால் செய்தனர். மைசூரார் இரும்பால் செய்தனர். இரும்பு தாங்கும் அழுத்தத்தை அட்டை தாங்காது. ஆகவே வேகமும் மிகுதி, தொலைவும் மிகுதி. 1780 செப்டம்பர் 10-ஆம் நாள், காஞ்சிக்கு அருகே பொள்ளிலூரில், கர்னல் பெய்லியின் படையின் வெடிமருந்து வண்டிகள் தீப்பற்றி வெடித்தன. கும்பினிப் படை அழிந்தது, பெய்லி சிறைப்பட்டார். 1799-இல் சீரங்கப்பட்டணம் வீழ்ந்த பிறகு அந்த ராக்கெட்டுகளைக் கப்பலேற்றி இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார்கள். லண்டனுக்கு அருகே ஊலிச் என்னும் ஊரில் இருந்த படைக்கலச் சாலையில் வில்லியம் காங்கிரீவ் என்பவர் அவற்றை ஆராய்ந்து புதிய ராக்கெட்டுகளைச் செய்தார். ஊலிச் என்ற அந்தப் பெயரை மறந்துவிடாதீர்கள். மீண்டும் அங்கே போக வேண்டியிருக்கிறது.

1790 செப்டம்பர் 13. சத்தியமங்கலம். கர்னல் பிளாய்டு தலைமையில் பவானிக் கரையில் இருந்த கும்பினிப் படைமீது, கஜலெட்டிக் கணவாய் வழியே இறங்கி வந்த திப்பு பாய்ந்தார். அன்றைய பீரங்கிச் சண்டையில் வீரர்கள் மட்டும் மடியவில்லை, மாடுகளும் மடிந்தன. பீரங்கியை இழுத்தவை அவைதாமே! இழுக்க மாடு இல்லாமற் போகவே, பிளாய்டு சில பீரங்கிகளைக் களத்திலேயே கைவிட்டுப் பின்வாங்க நேர்ந்தது. போரின் போக்கை முடிவு செய்தது யாருடைய குலப்பெருமையும் அல்ல, எருதின் கழுத்து. இதனை உணர்ந்ததால்தான் மைசூரார் பீரங்கி இழுக்கவென்றே எருதுகளைப் பேணி வளர்த்தனர். அந்தப் பண்ணைக்கு திப்பு இட்ட பெயர் அமிர்த மகால். அவரை வீழ்த்திய பின் கும்பினியார் முதலில் கவர்ந்துகொண்ட செல்வங்களுள் அந்த மாட்டுப் பண்ணையும் ஒன்று.

அடுத்த ஆண்டு, 1791. கோயம்புத்தூர்க் கோட்டை. நல்ல பீரங்கிகள் எல்லாம் பாலக்காட்டுக்குப் போய்விட்டன. கழித்துவிட்ட சில பழைய பீரங்கிகளோடு லெப்டினன்ட் சால்மர்ஸ் என்பவர் காவலுக்கு நின்றார். அவருடன் இருந்தவர்கள் யார்? தோப்பாசிகள் என்று அழைக்கப்பட்ட கலப்பினச் சிப்பாய்கள். திருவிதாங்கூரிலிருந்து வந்த வீரர்கள். போர்க்குலம் என்று எந்த ஏட்டிலும் இடம்பெறாதவர்கள்! ஜூன் மாதம் மைசூர்ப் படை கோட்டைமேல் ஏறியது. இவர்கள் தடுத்து விரட்டினார்கள். பின்னர் கமருத்தீன் கான் பெரும்படையோடு வந்தார். நவம்பர் தொடக்கத்தில்தான் கோட்டை பணிந்தது. அந்தக் கோட்டை இன்று இல்லை. கோட்டைமேடு என்ற பெயர் மட்டும் கோவை நகரில் நின்று அந்நாளை நினைவூட்டுகிறது.

அதற்குப் பிறகு வந்தது ஓடாநிலை. தீரன் சின்னமலை என்று நாடு போற்றும் தீர்த்தகிரி, மைசூர்ப் படையில் பிரெஞ்சுக்காரரிடம் நவீனப் போர்முறை பயின்றவர் என்பது வழிவழி வந்த செய்தி. உழவர் மகன் பீரங்கி பயின்றான். அவன் பக்கத்தில் கருப்ப சேர்வை போன்ற தோழர்கள் நின்றனர். 1801 முதல் 1804 வரை காவிரிக் கரையிலும் ஓடாநிலையிலும் அரச்சலூரிலும் கும்பினியை எதிர்த்தனர். 1805 ஜூலை 31-ஆம் நாள் சங்ககிரிக் கோட்டையில் சின்னமலை தூக்கிலிடப்பட்டார்.

தோழர்களே! இத்தனை களங்களையும் வரிசையாகச் சொன்னது பழம்பெருமை பேசுவதற்காக அல்ல. ஐம்பது ஆண்டுகள் பீரங்கிக் களமாக இருந்த இந்த மண்ணின் மக்கள், அந்தக் கலையில் கைதேர்ந்தவர்கள் என்பதற்குச் சான்று வேண்டுமென்பதற்காக. ஏனெனில், அடுத்து வந்த ஆட்சி என்ன சொல்லிற்று தெரியுமா? ‘நீ போருக்குப் பிறந்தவன் அல்லன்’ என்றது!

கிழக்கிந்தியக் கும்பினி 1748-இல் சென்னை, வங்கம், பம்பாய் ஆகிய மூன்று மாகாணங்களிலும் பீரங்கிப் படை அமைக்க ஆணையிட்டது. ஆனால் பீரங்கிக் கலையை உள்நாட்டாருக்குக் கற்றுக்கொடுக்க அஞ்சியது. வெடிமருந்துக் கூடத்தில் உள்நாட்டார் கால் வைக்கலாகாது என்று தடுத்த காலமும் உண்டு. அப்படியானால் பீரங்கியை இழுத்தது யார்? துடைத்தது யார்? சேற்றில் புதைந்த சக்கரத்தைத் தோள் கொடுத்துத் தூக்கியது யார்? லஸ்கர்கள் என்று பெயரிடப்பட்ட நம்மவர்கள்! தொடலாம், துடைக்கலாம், தூக்கலாம்; குறிபார்க்க மட்டும் கூடாது. நம் நாட்டுக் கோயில்களில் கல் சுமந்தவன் கருவறைக்குள் புகக் கூடாது என்று இருந்ததே, அதே நீதிதான். மந்திரத்துக்குப் பதில் மருந்து, அவ்வளவே வேறுபாடு.

பிறகு தேவை பெருகியது. ‘கோலந்தாஸ்’ என்ற பெயரில் இந்தியப் பீரங்கியாளர் அணிகள் தோன்றின. 1827 செப்டம்பர் 28-ஆம் நாள் பம்பாய் மாகாணத்தில் தோன்றிய அணியொன்று இன்றும் வாழ்கிறது. அந்த நாளைத்தான் இந்தியப் பீரங்கிப் படை ஆண்டுதோறும் தன் பிறந்த நாளாகக் கொண்டாடுகிறது.

1857 வந்தது. வடக்கே சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்தபோது, பயிற்சி பெற்ற இந்தியப் பீரங்கியாளர் பலர் கிளர்ச்சியின் பக்கம் நின்று குறிதவறாமல் சுட்டனர். வெள்ளையர் கற்ற பாடம் என்ன? இந்தியனிடம் துப்பாக்கி இருக்கலாம், பீரங்கி இருக்கலாகாது! கோவேறு கழுதையின்மேல் ஏற்றிச் செல்லும் மலைப் பீரங்கிகள் போன்ற சிலவற்றைத் தவிர, பீரங்கி முழுவதும் வெள்ளையர் கைக்கு மாறியது. இது அச்சத்தில் பிறந்த ஏற்பாடு. ஆனால் அச்சத்தை அச்சம் என்று ஒப்புக்கொள்ளும் ஆட்சி உலகில் உண்டோ? அதற்கொரு தத்துவம் வேண்டுமல்லவா? தத்துவம் பிறந்தது: ‘போர் இனங்கள்.’

இந்தியாவில் சில இனங்கள் போருக்கென்றே பிறந்தவை. மற்றவை அல்ல என்பது அந்தத் தத்துவம். அதைப் பரப்பியவருள் முதன்மையானவர் பிரெடரிக் ராபர்ட்ஸ். அவரே ஒரு பீரங்கிப் படை அதிகாரி. 1881 முதல் 1885 வரை சென்னைப் படையின் தளபதி. பிறகு இந்தியா முழுமைக்கும் தளபதி. நெடுநாள் அமைதியில் வாழ்ந்து தென்னாட்டார் போர்க்குணத்தை இழந்துவிட்டனர் என்பது அவருடைய முடிவு. இன்னொரு வகையில் சொன்னால், ‘எங்களை எதிர்க்காமல் இருந்தீர்கள், ஆகவே நீங்கள் கோழைகள்’ என்பது. 1857-இல் கும்பினிக்கு அடங்கியிருந்ததற்குச் சென்னைப் படை பெற்ற பரிசு அதுதான்!

வியப்பு என்னவென்றால், வெள்ளைக்காரன் கண்டுபிடித்த இந்தப் புதுத் தத்துவம் நமக்குப் புதியதாகவே இல்லை. பிறப்பால் தொழில், பிறப்பால் தகுதி, பிறப்பால் உயர்வு என்ற பழைய சரக்குக்குக் காக்கிச் சட்டை மாட்டி அனுப்பினான், அவ்வளவுதான். மனுவின் ஏட்டை லண்டனில் அச்சடித்துக் கொடுத்தது போல. சென்னைக் காலாட்படைகள் ஒவ்வொன்றாகக் கலைக்கப்பட்டன. முதல் உலகப் போருக்குப் பின் எஞ்சியிருந்த நிலையான காலாட் பட்டாளங்களும் மறைந்தன. பொறியியல் பணி செய்த சென்னைச் சாப்பர்கள் மட்டும் நிலைத்தார்கள். ஏன்? பாலம் கட்டத் தெரிந்தவனை இனம் சொல்லி விலக்கினால் ஆற்றைக் கடக்க முடியாதே!

இந்நிலையில்தான் 1928-ஐப் பார்க்க வேண்டும். அப்போது சென்னை மாகாணத்தின் முதலமைச்சர் டாக்டர் ப. சுப்பராயன். திருச்செங்கோட்டை அடுத்த குமாரமங்கலம் ஜமீன்தார், கொங்கு நாட்டுக்காரர். அவருடைய அமைச்சரவையில் இருந்த முத்தையா முதலியார்தான் அரசுப் பணிகளில் எல்லா வகுப்பாருக்கும் இடம் ஒதுக்கும் ஆணையைச் செயற்படுத்தியவர். ஒரு பக்கம், தில்லியில், பிறப்பைக் காட்டித் தென்னாட்டானுக்குப் பட்டாளத்தின் கதவை மூடுகிறது ஒரு கை. மறுபக்கம், சென்னையில், பிறப்பைக் காட்டி மூடப்பட்டிருந்த கதவுகளைத் திறக்கிறது மற்றொரு கை. அந்த ஆண்டில் சுப்பராயனின் மூத்த மகனுக்கு வயது 15. பெயர் பரமசிவ பிரபாகர் குமாரமங்கலம்.

அதற்கு முந்தைய ஆண்டு வெளியான ஸ்கீன் குழுவின் அறிக்கை, இந்திய இளைஞர்களைப் பீரங்கிப் படை அதிகாரிகளாகவும் பயிற்றலாம் என்று பரிந்துரைத்திருந்தது. அதுவரை அவர்களுக்குக் காலாட்படையும் குதிரைப்படையுமே உண்டு. பீரங்கி அதிகாரிகளுக்கான கல்லூரி எங்கே இருந்தது? ஊலிச்சில்! திப்புவின் ராக்கெட்டுகளைக் கொண்டுபோய் வைத்துப் பாடம் படித்தார்களே, அதே ஊலிச்சில். அங்கு பயின்று 1932-இல் பீரங்கிப் படையின் முதல் இந்திய அதிகாரியானவர் பிரேம்சிங் கியானி. அடுத்த ஆண்டே அப்படையில் அதிகாரியானார் குமாரமங்கலம். 1935 ஜனவரி 15-ஆம் நாள் பெங்களூரில் ‘ஏ’ களப் பீரங்கிப் படைப்பிரிவு அமைக்கப்பட்டது. இந்தியர்களைப் பீரங்கியாளராகக் கொண்ட முதல் களப் பீரங்கிப் பிரிவு அது. பீரங்கிகளைக் குதிரைகள் இழுத்தன. 1857-க்குப் பின் மூடிய கதவு திறக்க ஏறத்தாழ 80 ஆண்டுகள் ஆயின!

தத்துவத்தைச் சோதிக்கும் களம் விரைவில் வந்தது. 1942 மே 27. ஆப்பிரிக்காவில், லிபியப் பாலைவனத்தில், பீர் ஹக்கீம் என்னும் இடத்துக்கு அருகே 3-ஆம் இந்திய மோட்டார் படையணி தங்கியிருந்தது. அதற்குத் துணையாக 2-ஆம் இந்தியக் களப் பீரங்கி ரெஜிமெண்டு. அதன் 7-ஆம் அணிக்குத் தலைவர் மேஜர் குமாரமங்கலம். அவர்களிடம் இருந்தவை 25 பவுண்டர் பீரங்கிகள். சுமார் 11 கிலோ எடையுள்ள குண்டை 12 கிலோமீட்டர் தொலைவுக்கு எறியக்கூடியவை. பின்னால் நின்று, கண்ணுக்குத் தெரியாத இலக்கைக் கணக்கிட்டுச் சுடுவதற்காகச் செய்யப்பட்டவை. ஆனால் அன்று காலை நடந்தது வேறு. இத்தாலியின் அரியேத்தே கவசப் பிரிவின் டாங்கிகள் நேரே வந்து மோதின. கணக்குப் பார்க்க நேரமில்லை. குழாயைத் தாழ்த்தி, கண்ணெதிரே வரும் இரும்பு வண்டியை நேரே குறிவைத்துச் சுட வேண்டும். சுடும் வரை நிற்க வேண்டும். நின்றார்கள். டாங்கிகள் எரிந்தன. எண்ணிக்கையில் மிகுந்த பகைவர் இறுதியில் அணியை மூழ்கடித்தனர். பலர் மாண்டனர், பலர் சிறைப்பட்டனர். அந்தப் போருக்காகக் குமாரமங்கலத்துக்கு டி.எஸ்.ஓ. என்னும் உயர்ந்த விருது கிடைத்தது. அவரும் சிறைப்பட்டார். இத்தாலியச் சிறைமுகாமிலிருந்து தப்பினார். மீண்டும் பிடிபட்டு ஜெர்மனிக்குக் கொண்டுபோகப்பட்டார்.

போர்க்குணம் இழந்தவன் தென்னாட்டான் என்று ராபர்ட்ஸ் எழுதினாரே, அதற்கு விடை ஏட்டில் எழுதப்படவில்லை. பாலைவன மணலில் எழுதப்பட்டது. இரண்டாம் உலகப் போர் நெருக்கியபோது அந்தத் தத்துவம் எங்கே போயிற்று? கலைக்கப்பட்ட சென்னை ரெஜிமெண்டை மீண்டும் திரட்டினார்கள். ‘போருக்குப் பிறவாத’ மாகாணத்திலிருந்து இளைஞர்களை ஆயிரம் ஆயிரமாகப் பட்டாளத்தில் சேர்த்தார்கள். ஆள் வேண்டியிராதபோது தத்துவம். ஆபத்து வந்தபோது அழைப்பு!

1966 ஜூன் 8-ஆம் நாள் ஜெனரல் குமாரமங்கலம் இந்தியத் தரைப்படையின் தலைமைத் தளபதியானார். 1969 ஜூன் 7 வரை அந்தப் பொறுப்பில் இருந்தார். அதே 1966-இல் பாகிஸ்தான் படையின் தலைமைக்கு வந்த யாஹ்யா கானும் இத்தாலியச் சிறைமுகாமில் அடைபட்டிருந்தவரே. முள்வேலிக்குள் ஒரே ரொட்டியைப் பங்கிட்ட படையின் அதிகாரிகள், எல்லைக்கோட்டின் இருபுறமும் எதிரெதிரே நின்றார்கள். மதத்தின் பெயரால் நாட்டைப் பிளந்ததன் விளைவை விளக்க இதைவிட எளிய எடுத்துக்காட்டு வேண்டுமோ? 1967 செப்டம்பரில் சிக்கிம் எல்லையில் நாதுலாக் கணவாயில் சீனப்படையோடு மோதல் மூண்டபோது, நிலைமையை மாற்றியது இந்தியப் பீரங்கிகளின் சூடு. அப்போதும் தலைமைத் தளபதி அவரே.

சங்ககிரியில் ஒரு கொங்கு வீரனைத் தூக்கிலிட்ட 161 ஆண்டுகளுக்குப் பின், அந்த மலைக்கு வெகுதொலைவில் இல்லாத குமாரமங்கலம் குடும்பத்தின் மகன் இந்தியப் படையின் தலைமைப் பீடத்தில் அமர்ந்தார் என்று சொல்லிக் கைதட்டிவிட்டு நான் இக்கட்டுரையை முடித்துவிடலாம். ஆனால் பகுத்தறிவாளர் படிக்கும் ஏட்டில் அப்படி முடிப்பது நேர்மையாகாது. ஒருவர் எழுந்து கேட்பார்: “ஐயா, அவர் ஜமீன்தார் மகன், ஈட்டனில் படித்தவர். அவருக்குக் கதவு திறந்தது. அவர் ஊரில் ஏர் பிடித்தவன் மகனுக்குத் திறந்ததா?”

நல்ல கேள்வி. திறக்கவில்லை, அந்நாளில் திறக்கவில்லை. ஊலிச்சுக்கு மகனை அனுப்பப் பணம் வேண்டும், ஆங்கிலம் வேண்டும், செல்வாக்கு வேண்டும். பிறப்பு என்ற பூட்டை உடைத்தால் பணம் என்ற பூட்டு தொங்கும். ஒன்றை உடைத்தவுடன் விழா எடுத்துவிட்டு மற்றொன்றை மறப்பது நம்மவரிடம் உள்ள குறை. ஆனாலும் அந்தக் குடும்பத்திலேயே இன்னொரு பாடம் உண்டு. சுப்பராயனின் மனைவி ராதாபாய், மங்களூர்க்காரர். வேறு சாதி, வேறு மொழி. அவருடைய தந்தை குட்முல் ரங்கராவ், தாழ்த்தப்பட்ட மக்களின் பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்தியதற்காகத் தம் சாதியாரின் வெறுப்பைத் தாங்கியவர். போர் இனத் தத்துவக்காரர்கள் ‘தூய இரத்தம்’ என்று அளந்தார்களே, அவர்கள் கணக்குப்படி இந்தக் கலப்பு மணத்தில் பிறந்த பிள்ளை எந்த அட்டவணையில் வரும்? எதிலும் வராது! வராத பிள்ளைதான் தலைமைத் தளபதியானார். அவர் தம்பி மோகன் மத்திய அமைச்சரானார். தங்கை பார்வதி கிருஷ்ணன் கோவைத் தொழிலாளரின் குரலாக 1957-லும் 1977-லும் நாடாளுமன்றம் சென்றார்.

கதவுகள் எல்லாம் திறந்துவிட்டனவா? இல்லை. சாதிப் பெயரையும் இனப் பெயரையும் தாங்கிய காலாட்படை ரெஜிமெண்டுகள் இன்றும் இருக்கின்றன. ‘மரபு’ என்கிறார்கள். எந்த மரபு? சுட்டுக் காட்டியவன் ராபர்ட்ஸ். அவனுக்கு முன்னே எழுதிக் காட்டியவன் மனு. ஆனால் கதவுகள் திறக்கத்தான் செய்கின்றன. பெண் என்ற பிறப்பைக் காட்டி மூடியிருந்த பீரங்கிப் படையின் கதவு 2023 ஏப்ரல் 29-ஆம் நாள் திறந்தது. 5 இளம் பெண்கள் முதன்முறையாகப் பீரங்கிப் படையின் அதிகாரிகளாயினர். அது நடந்த இடம் எது? சென்னையிலுள்ள அதிகாரிகள் பயிற்சிக் கழகம்! அன்றும் பீரங்கி எந்தக் கேள்வியும் கேட்கவில்லை. கணக்கு சரியா என்று மட்டுமே கேட்டது.

கொங்கு நாட்டு இளைஞனே! ஓடாநிலைக்குப் போனால் மணிமண்டபத்தைக் கண்டு மாலை சூட்டுகிறாய், நன்று. சங்ககிரி மலைமேல் ஏறி நின்று நெஞ்சு விம்முகிறாய், அதுவும் நன்று. ஆனால், ‘என் சாதி வீரன்’ என்று நீ மார்தட்டும் நொடியில், உன்னை அறியாமலே ராபர்ட்ஸின் அணிவகுப்பில் போய் நிற்கிறாய். வீரம் ஒரு சாதிக்குச் சொந்தம் என்று அவன் சொன்னதைத்தான் நீயும் சொல்கிறாய். சாதியின் பெயர் மட்டும் வேறு. சின்னமலைக்குப் பெருமை சேர்த்தது அவன் பிறந்த குலம் அன்று. அந்நாளில் புதியதான கலையைக் கற்றுக்கொண்ட அவன் அறிவும், அடங்க மறுத்த அவன் மானமும்.

இந்தியப் பீரங்கிப் படையின் முழக்கச் சொற்களுக்குத் தமிழில் பொருள் சொல்வதானால், ‘எங்கும் மானமும் மேன்மையும்’ எனலாம். எங்கும் என்பதில் எல்லா ஊரும் அடங்கும். எல்லாச் சேரியும் அடங்கும். எல்லா வீட்டு மகனும் மகளும் அடங்குவர். அந்தச் சொல் மெய்யாகும் வரை, மூடிய கதவுகளை நோக்கி நம் குழாய்களைத் திருப்பி வைப்போம். நம் குண்டு கல்வி. நம் மருந்து பகுத்தறிவு. குறி தவறாது!